மதச்சார்பின்மை: சொல் விளக்கம்

'செக்யுலர்' என்ற சொல் இந்திய அரசமைப்புக்குள் 1976-இல்தான் நுழைந்தது என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. நெருக்கடிநிலைக் காலத்தில் வந்த 42-ஆவது திருத்தம் அதை முகப்புரையில் சேர்த்தது உண்மைதான். ஆனால் 1950-இல் நடைமுறைக்கு வந்த மூலத்திலேயே அந்தச் சொல் உண்டு. 25-ஆவது பிரிவைப் பார்த்தால் தெரியும். சமய வழக்கத்தோடு ஒட்டி நடக்கும் பொருளாதார, நிதி, அரசியல் நடவடிக்கைகளையும் மற்ற 'செக்யுலர்' நடவடிக்கைகளையும் அரசு சட்டம் போட்டு முறைப்படுத்தலாம் என்கிறது அது.

இந்த இடத்தில் அந்தச் சொல்லுக்கு அரசின் நடுநிலை என்று பொருள் இல்லை. பூசை எப்படி நடக்க வேண்டும் என்பது சமயம். கோயில் நிலத்தை யாருக்குக் குத்தகைக்கு விடுவது, உண்டியல் பணத்துக்கு யார் கணக்கு வைப்பது என்பதெல்லாம் 'செக்யுலர்'. பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழித்த தமிழ்நாட்டுச் சட்டத்தை எதிர்த்து நடந்த சேஷம்மாள் வழக்கில், 1972-இல் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டைத்தான் போட்டது. அர்ச்சகர் செய்யும் பூசை சமயம் சார்ந்தது, ஆகம விதிக்குக் கட்டுப்பட்டது. ஆனால் அவரைப் பணியில் அமர்த்துவது 'செக்யுலர்' செயல் என்றது. இதைத் தமிழில் 'மதச்சார்பற்ற செயல்' என்று எழுதினால் படிப்பவர் விழிப்பார். கோயிலுக்குள் நடக்கும் நியமனம் எப்படி மதச்சார்பற்றதாகும்? 'உலகியல் செயல்' என்று எழுதுங்கள், சட்டென்று விளங்கும்.

ஆங்கிலத்தில் ஒரு சொல் இரண்டு வேலை பார்க்கிறது. தமிழில் அந்த இரண்டையும் ஒரே சொல்லின் தலையில் கட்டியதால்தான் பாதிக் குழப்பம்.

மூலம் இலத்தீன். 'சேகுலும்' என்றால் ஒரு தலைமுறை, ஒரு காலம், ஒரு யுகம். கிறித்தவத் திருச்சபையின் வழக்கில் அது 'இந்த உலகம்' என்ற பொருளுக்கு நகர்ந்தது. மடத்து விதிகளுக்குள் வாழாமல் ஊர்மக்களிடையே பணியாற்றிய பாதிரியார்களை 'செக்யுலர்' குருமார் என்றார்கள். ஆக, தொடக்கத்தில் இது கடவுள் மறுப்பின் பக்கமே போகாத சொல்; குருமாருக்கே அடைமொழியாக இருந்திருக்கிறது. பழைய 'காலம்' என்ற பொருளும் முற்றிலும் செத்துவிடவில்லை. வானியலாளர்கள் மிக நீண்ட காலப் போக்கில் தெரியும் மாற்றத்தை இன்றும் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள்.

'செக்யுலர்' என்பதோடு 'இசம்' ஒட்டியது 1851-இல். ஒட்டியவர் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் என்ற ஆங்கிலேயர். 1842-இல் செல்டன்ஹாம் நகரக் கூட்டம் ஒன்றில், இருக்கிற வறுமையில் மக்களுக்குக் கடவுளை வைத்துக் காப்பாற்ற வசதியில்லை, அவரையும் அரைச் சம்பளத்தில் போடலாம் என்ற பொருளில் பேசி, தெய்வ நிந்தனைக்காக ஆறு மாதம் சிறையில் கிடந்தவர். அப்படிப்பட்டவர் உண்டாக்கிய சொல்லில் காரம் இல்லை என்பதுதான் வேடிக்கை. இந்த வாழ்வின் கடமைகளை இந்த வாழ்வின் அனுபவத்தைக் கொண்டே தீர்மானிப்போம், கடவுள் உண்டா இல்லையா என்பது தனி விவாதம் என்பதே அவர் நிலை. நம்பிக்கையுள்ளவரும் தம்மோடு சேர்ந்து உழைக்கலாம் என்று நினைத்தார்.

அவருக்குப் பின் வந்த சார்லஸ் பிராட்லா இதை ஏற்கவில்லை. இந்த வழியில் ஒழுங்காக நடந்தால் நாத்திகத்தில்தான் போய் நிற்கவேண்டும் என்று வாதிட்டார். 1866-இல் தேசிய செக்யுலர் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். 1880-இல் நார்த்தாம்ப்டன் தொகுதியில் வென்று நாடாளுமன்றத்துக்குப் போனார். கடவுள் பெயரால் சத்தியம் செய்வதற்குப் பதிலாக உறுதிமொழி எடுக்கிறேன் என்றார், முடியாது என்றார்கள். சரி, சத்தியமே செய்கிறேன் என்றார். நீ நாத்திகன், உன் சத்தியம் செல்லாது என்றார்கள். ஓர் இரவு நாடாளுமன்ற மணிக்கூண்டில் அடைத்தும் வைத்தார்கள். தொகுதி மக்கள் அவரையே மறுபடி மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். 1886-இல்தான் இருக்கை கிடைத்தது. 1888-இல் அவர் முயற்சியால் வந்த சட்டம் உறுதிமொழி எடுக்கும் உரிமையை எல்லோருக்கும் ஆக்கியது. இன்று நம் அமைச்சர்கள் 'உளமார' உறுதி கூறிப் பதவியேற்க முடிகிறதே, அந்த வழக்கத்துக்கு இப்படியொரு முன்கதை உண்டு. (அதே சங்கத்தின் துணைத் தலைவராக இருந்த அன்னி பெசன்ட் பின்னாளில் அடையாறில் பிரம்மஞான சபைக்குத் தலைமை தாங்கினார். சொற்களைவிட வேகமாக மனிதர்கள் மாறுகிறார்கள்.)

இந்த அலை சென்னைக்கு வர அதிக நாள் ஆகவில்லை. 1880-களில் இங்கே ஒரு சங்கம் இயங்கியது. 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்ற தமிழ் இதழை நடத்தியது. அந்தச் சங்கத்தின் பெயர் சென்னை இலௌகிக சங்கம். அவர்கள் 'செக்யுலர்' என்பதற்கு எடுத்துக்கொண்ட தமிழ் வழக்கு 'இலௌகிகம்'. வைதிகத்துக்கு எதிர்ச்சொல்லாக ஏற்கெனவே புழங்கியது அது. மூலப்பொருளுக்கு மிக நெருக்கம், நல்ல தேர்வு. ஆனால் 'அவருக்கு லௌகிகம் போதாது' என்றால் இன்று பிழைக்கத் தெரியாதவர் என்றல்லவா ஆகிறது. அதனால் பொதுவாழ்வுச் சொல்லாக அது நிலைக்கவில்லை. தொல்காப்பியம் 'நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்' என்று கையாளும் 'உலகியல்' அந்த இடத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

இனி இரண்டாவது பொருள்: அரசு எந்தச் சமயத்தின் பக்கமும் சாயாமல் இருப்பது. இதற்கு நாளிதழ்த் தமிழ் 'மதச்சார்பின்மை' என்கிறது. அரசமைப்பு முகப்புரையின் தமிழ் வடிவம் 'சமயச்சார்பின்மை' என்கிறது. 'மதம்' வடசொல், 'சமயம்'தான் தமிழ் என்று சிலர் திருத்துவார்கள். சமயத்தையும் வடமொழி வழி வந்ததாகவே பல அறிஞர்கள் கொள்கிறார்கள், அதனால் அந்தத் திருத்தத்தில் பெரிய பலன் இல்லை. இரண்டும் தமிழுக்குள் வந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. மணிமேகலையில் 'சமயக் கணக்கர்' வாதிடுகிறார்கள். நன்னூல் 'எழுவகை மதம்' என்று பட்டியல் போடுகிறது. உடன்படல், மறுத்தல் என்று தொடங்கும் அந்தப் பட்டியலில் மதம் என்றால் ஒரு நூலாசிரியர் எடுக்கும் நிலைப்பாடு, அவ்வளவுதான். மதத்தை மறுப்பதும் ஒரு மதம் என்று இலக்கணமே சொல்வது எனக்குப் பிடித்த செய்தி.

ஆனால் சொல்லின் உயிர் நடுவில் இருக்கும் 'சார்பு'. சார்தல் என்றால் ஒன்றின் மேல் சாய்தல், ஒன்றைப் பற்றி நிற்றல். மதம் இல்லாமை வேறு, மதத்தைச் சாராமை வேறு. 'மதமின்மை', 'நாத்திகம்' என்ற மொழிபெயர்ப்புகள் இங்கேதான் தவறுகின்றன. 'சமயப்பொறை' வேறொரு விதத்தில் தவறுகிறது. பொறுத்துக்கொள்பவன் மேலே, பொறுக்கப்படுபவன் கீழே என்ற கணக்கு அதில் ஒளிந்திருக்கிறது. முகப்புரையின் இந்தி வடிவம் 'தர்மம்' என்ற பெருஞ்சொல்லை விட்டுவிட்டு 'பந்த் நிரபேக்ஷ்' (சமயப் பிரிவு எதையும் சாராத) என்று போட்டதும் யோசித்துச் செய்த வேலைதான்.

'எல்லா மதமும் சமம்' என்பதும் மதச்சார்பின்மையும் ஒன்றா? இந்தியாவில் ஒன்றாகவே பேசப்படுகிறது. என் பார்வையில் அல்ல. 27-ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட ஒரு சமயத்தை வளர்ப்பதற்கென்று எவரையும் வரி கட்டச் சொல்ல முடியாது. ஆனால் 290அ பிரிவு, கேரள அரசு ஆண்டுதோறும் 46.5 லட்சம் ரூபாயும் தமிழ்நாடு அரசு 13.5 லட்சம் ரூபாயும் இந்துக் கோயில்களுக்கான தேவஸ்வம் நிதிகளுக்குத் தரவேண்டும் என்கிறது. ஹஜ் மானியம் 2018 வரை இருந்தது. தமிழ்நாட்டில் ஜெருசலேமுக்கும் மானசரோவருக்கும் போக அரசு உதவி உண்டு. இது எல்லாப் பக்கமும் சாய்வது, சாயாமல் நிற்பதல்ல. எந்தப் பட்டியலிலும் இல்லாத சிறு வழிபாட்டினரும், நம்பிக்கையே இல்லாதவரும் இதில் வரி மட்டும் கட்டுகிறார்கள்.

பிரான்சு மறுகோடி. 1905-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு எந்த வழிபாட்டையும் அங்கீகரிப்பதில்லை, அதற்குச் சம்பளமும் தருவதில்லை. அங்கேயும் ஓட்டை உண்டு. அந்த ஆண்டில் அல்சாஸ் ஜெர்மனியின் கையில் இருந்ததால் சட்டம் அங்கே பாயவில்லை. இன்றுவரை அங்குள்ள குருமாருக்கு அரசுதான் சம்பளம் தருகிறது. 2004-இல் அரசுப் பள்ளி மாணவர்கள் கண்ணில் படும்படியான சமய அடையாளங்களை அணியவும் பிரான்சில் தடை வந்தது. சார்பின்மை என்பது அரசைக் கட்டவேண்டிய கயிறு என்றால், இது மாணவரைக் கட்டுகிறது என்பேன்.

வழக்கில் எப்படி எழுதலாம்? அரசு, சட்டம், அரசுப் பள்ளி, நீதிமன்றம் என்று வரும்போது மதச்சார்பற்ற, சமயச்சார்பற்ற இரண்டும் சரி. கணக்கு, நிலம், நியமனம் போன்றவற்றுக்கு உலகியல். கட்சிப் பெயரிலும் கூட்டணிப் பெயரிலும் வரும் 'மதச்சார்பற்ற' பெயரோடு ஒட்டியது, அதைத் திருத்த முடியாது. தனி மனிதரை 'மதச்சார்பற்றவர்' என்று எழுதும்போது மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். நாள் தவறாமல் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போகும் ஒரு நீதிபதி, தீர்ப்பில் அதைக் கொண்டுவராதவரை மதச்சார்பற்றவர்தான். திருவிழா பிடிக்காது என்பதற்காக ஊர்வல மனுவைக் கிடப்பில் போடும் நாத்திக அதிகாரியை அப்படி எழுத முடியாது.