உங்கள் சங்கத்தின் அங்கத்தவர் பதிவேடு எங்கே இருக்கிறது?

யாழ்ப்பாணத்தில் தொழிற்சங்கங்களுக்கு ஆலோசனை சொல்வதும் பயிற்சி கொடுப்பதும் என் வேலை. கடைச் சிப்பந்திகள், கூட்டுறவுச் சங்க ஊழியர்கள், கொழும்புக் கொம்பனிகளின் கிளைகளில் வேலை செய்பவர்கள் என்று பலர் வருவார்கள். பெரும்பாலும் பிரச்சினை முற்றிய பிறகுதான் வருவார்கள். எப்போது போராட்டம் வைக்கலாம், பதாகையில் என்ன எழுதலாம், எந்தப் பத்திரிகைக்குச் சொல்லலாம் என்று கேட்பார்கள். நான் முதலில் அங்கத்தவர் பதிவேட்டைக் கேட்பேன்.

"அது செயலாளரிட்டை இருக்கு" என்பதுதான் வழக்கமான பதில். எடுத்துப் பார்த்தால் இளைப்பாறியவர், கனடா போனவர், வேறு கடைக்கு மாறியவர் எல்லாம் இன்னும் அங்கத்தவர்கள். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளின் பெயர்கள் இல்லை. சந்தா எழுதியே பல மாதங்கள். இந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு முதலாளியோடு பேசப் போக முடியாது. அதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது.

1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் ஒரு திருத்தம் வந்தது. முறையற்ற தொழில் நடவடிக்கைகள் என்று ஒரு பகுதியை அது சேர்த்தது. சங்கத்தில் சேராதே என்று முதலாளி தடுக்கக் கூடாது. சங்கத்தில் இருக்கிறார் என்ற காரணத்துக்காக ஒருவரை வேலையால் நிறுத்தக் கூடாது. சங்கத்தை விட்டு விலகினால் இதைத் தருகிறேன் என்று ஆசை காட்டவும் கூடாது. அதோடு, ஒரு சங்கம் எந்தத் தொழிலாளர்களுக்காகப் பேச வருகிறதோ அவர்களில் குறைந்தது 40 சதவீதம் பேர் அதன் அங்கத்தவராக இருந்தால், அந்தச் சங்கத்தோடு பேச மறுக்கவும் முடியாது. 60 பேர் வேலை செய்யும் இடத்தில் 24 பேர் வேண்டும். விற்பனைப் பிரிவில் உள்ள 30 பேருக்காக மட்டும் பேசுவதென்றால் 12 பேர் போதும். இந்த இரண்டாவது கணக்குப் பலருக்குத் தெரியாது. தெரியாமலே, எங்களுக்கு ஆள் காணாது என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

முதலாளி தரப்பு முதலில் கேள்வி கேட்பது இந்த 24 பேரைப் பற்றித்தான். சந்தா கட்டாதவர் அங்கத்துவத்தை இழப்பார் என்று உங்கள் யாப்பே சொல்லுமானால், பதிவேட்டில் உள்ள 24 பேர் உண்மையில் 15 பேராக இருக்கலாம். பேச்சுவார்த்தை தொடங்க முன்பே அது முடிந்துவிடும். ஆகவே என்னிடம் பயிற்சி கேட்டு வரும் எந்தச் சங்கத்திலும் நான் முதலில் உட்காருவது தலைவரோடு அல்ல, செயலாளரோடும் தனாதிகாரியோடும்தான். பெயர், அடையாள அட்டை இலக்கம், சேர்ந்த திகதி, வேலைப் பிரிவு, சந்தா கட்டிய கடைசி மாதம். ஒரு பிரதி கொப்பியில், இன்னொன்று கணினியில். வட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களை எண்ணி அங்கத்தவர் கணக்குச் சொல்லாதீர்கள்.

சங்கம் தொடங்க ஆட்கள் மிகக் குறைவாகவே போதும். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி 7 பேர் கையொப்பமிட்டு விண்ணப்பிக்கலாம். எல்லோரும் ஒரே கடையில் இருக்க வேண்டும் என்றில்லை. நாலைந்து பேர் மட்டும் வேலை செய்யும் கடைகள்தான் நம் நகரத்தில் அதிகம், ஆகவே பல கடைகளின் சிப்பந்திகள் சேர்ந்து ஒரே சங்கமாகப் பதிவதே புத்தி. பதிவுக்குப் பிறகுதான் வேலை தொடங்குகிறது: ஒவ்வொரு வருடமும் கணக்கறிக்கையைத் தொழிற்சங்கப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பதிவு இரத்தாகலாம். ஒரு வெள்ளிக்கிழமை ஊர்வலத்தில் கூடிய கூட்டத்தைப் பார்த்து மகிழ்ந்த சங்கம், ஆண்டறிக்கை அனுப்பாததால் சட்டத்தின் கண்ணில் இல்லாமல் போவதைப் போல வேதனை வேறில்லை.

யாழ்ப்பாணத்துக்குத் தொழிற்சங்கம் புதிதல்ல. சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க மற்றவர்கள் சுருட்டுச் சுற்றியபடி கேட்டு அரசியல் படித்த ஊர் இது. இலங்கைத் தொழிற்சங்க சம்மேளனத்தின் பொதுச் செயலாளராக இருந்த நா. சண்முகதாசன் மானிப்பாயில் பிறந்தவர். 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் சங்கங்கள் இயங்கின. அங்கே ஒரு மூத்தவர் கூட்டக் குறிப்பு எழுதுவதை ஓர் இளையவர் பக்கத்திலிருந்து பார்த்துப் பழகுவார். 1990இல் தொழிற்சாலை மூடப்பட்டது, 1995இல் ஊரே இடம்பெயர்ந்தது. பதிவேடுகள் மட்டும் தொலையவில்லை, பார்த்துப் பழகும் அந்த வழியும் அறுந்தது. 2009க்குப் பிறகு வந்த வங்கிகளிலும் நிதிக் கொம்பனிகளிலும் சுப்பர்மார்க்கெட்டுகளிலும் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளில் பலர், சங்கக் கூட்டம் ஒன்று எப்படி நடக்கும் என்பதையே பார்த்ததில்லை. பயிற்சி என்று நான் பேசுவது இந்த இடைவெளியைத்தான். தலைமைத்துவம் பற்றிய சொற்பொழிவு இதற்கு உதவாது.

விடுதி மண்டபத்தில் நடக்கும் பயிற்சிப் பட்டறைகள் மீது எனக்குக் கடும் விமர்சனம் உண்டு. பையும் பேனையும் கொடுத்து, மத்தியானம் சாப்பாடு போட்டு, குழுப்படம் எடுத்து அனுப்பினால் அறிக்கை எழுதலாம். சங்கத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. பயிற்சிக்கு வருபவர் தன் சம்பளச் சிட்டையையும் நியமனக் கடிதத்தையும் கொண்டு வர வேண்டும் என்பது நான் வைக்கும் நிபந்தனை. நியமனக் கடிதம் இல்லை என்றால், அதுவே அன்றைய முதல் பாடம். கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம், அதற்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு ஓ.ரி. என்பதும் அதே சட்டம்தான்.

சிட்டையை விரித்ததும் கணக்கு. ஒருவரின் சம்பளம் மாதம் 35,000 ரூபா என்று வையுங்கள். ஊழியர் சேமலாப நிதியத்துக்கு (ஈ.பி.எப்.) அவருடைய 8 சதவீதம் 2,800. முதலாளியின் 12 சதவீதம் 4,200. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 சதவீதம் 1,050, அது முழுக்க முதலாளியின் பணம், சம்பளத்தில் கழிக்கக் கூடாது. இதைத் தாங்களே பேனை பிடித்துப் போட வேண்டும். போட்டு முடிந்ததும் ஒருவர் நிமிர்ந்து, "ஐயா, எனக்கு 20,000க்குத்தானே ஈ.பி.எப். கட்டினம்?" என்பார். இது ஓரிடத்தில் நடந்த கதை இல்லை, திரும்பத் திரும்ப நடப்பது. 35,000த்தை அடிப்படைச் சம்பளம் 20,000, படி 15,000 என்று பிரித்து, சின்னத் தொகைக்கு மட்டும் கட்டியிருப்பார்கள். பெயரை மாற்றினால் சட்டம் மாறாது. வாழ்க்கைச் செலவுப் படி போன்றவை சேமலாப நிதியச் சட்டத்தில் உழைப்பூதியம்தான். முதலாளி கொடுக்கும் மத்தியானச் சாப்பாட்டின் பெறுமதியைக்கூட அந்தச் சட்டம் கணக்கில் சேர்க்கிறது. மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது.

பிரித்ததில் வேறொரு பிரச்சினையும் வரும். தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து 27,000 ரூபா, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. அடிப்படை 20,000 என்று எழுதிய சிட்டை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். சேமலாப நிதி தகுதிகாண் காலத்திலிருப்பவருக்கும் பயிலுனருக்கும் உண்டு, ஒரே ஒருவர் வேலை செய்யும் கடையிலும் உண்டு. "மூன்று மாதம் போகட்டும், பிறகு பாப்பம்" என்பது சட்டத்தில் இல்லை.

ஒருவர் இதைத் தனக்குக் கணக்குப் பார்த்தால் ஆலோசனை. பக்கத்தில் இருக்கும் தங்கச்சிக்கும் கணக்குப் பார்த்துக் கொடுத்தால் பயிற்சி. நான் இல்லாத நாளில், கடைக்குப் பின்னால் தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் அது நடக்கிறதா என்பதைத்தான் பிறகு விசாரிப்பேன்.

அப்புறம் பேச்சுவார்த்தை. கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது எல்லாவற்றையும் கேட்டுவிடுவது நம்மவர் வழக்கம். அந்தக் கோரிக்கை முதலாளிக்கு எவ்வளவு செலவு என்று யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. 40 பேருக்கு ஆளுக்கு 3,000 ரூபா கூட்டச் சொன்னால் மாதம் 120,000. அதன்மேல் 12 சதவீதமும் 3 சதவீதமும் சேர்ந்தால் இன்னும் 18,000. மொத்தம் 138,000. வேலையை விட்டுப் போகும்போது கொடுக்க வேண்டிய பணிக்கொடையும் கூடும். இந்த எண் உங்கள் கையில் இருந்தால் "எங்களால் தாங்க ஏலாது" என்ற பதிலோடு கூட்டம் முடியாது. எவ்வளவு ஏலும், எந்த மாதத்திலிருந்து என்று பேச்சு நகரும். ஒப்பந்தம் வந்தால் எழுத்தில் வாங்கித் தொழில் ஆணையாளருக்கு அனுப்ப வேண்டும். வர்த்தமானியில் வெளியான கூட்டு ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் ஒவ்வொருவருடைய வேலை ஒப்பந்தத்திலும் சேர்ந்துவிடும். வாய்ப்பேச்சு புது முகாமையாளர் வந்ததும் காற்றில் போகும்.

பேச்சு மேசையில் ஆலோசகர் இருக்கலாமா என்று கேட்பார்கள். நான் போவதில்லை. வெளி ஆள் ஒருவர் எல்லாவற்றையும் பேசினால், அடுத்த முறையும் அவர் வரும்வரை சங்கம் வாய் திறக்காது. பேச்சுக்கு முதல் நாள் நான் முதலாளியாக இருந்து கேள்வி கேட்டு அவர்களைப் பழக்குவேன், அவ்வளவுதான். தொழிற்சங்கக் கட்டளைச் சட்டமும் சங்க அலுவலர்களில் பாதிக்குக் குறையாதவர்கள் அந்தத் தொழிலில் இருப்பவர்களாக வேண்டும் என்கிறது. நியாயமான விதி அது.

கூட்டம் வைக்கும் நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடைகளில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள் வேலை செய்யும் சங்கத்தில் மாலை ஏழு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, "பெண்கள் வருகினம் இல்லை" என்று குறைப்படுவது அநியாயம். கடைசி பஸ் அவர்களுக்காக நிற்காது. போயா தினத்துக் காலையிலோ ஞாயிறு காலையிலோ வையுங்கள், வந்து கதைப்பார்கள். நிர்வாகத்தில் இடம் கொடுப்பதும் அப்படித்தான். ஊரையும் சாதியையும் பார்த்துப் பதவி பங்கிடும் பழக்கம் நம் சங்கங்களுக்குள் இன்னும் இருக்கிறது. வெளியே சமத்துவம் கேட்பவர்கள் உள்ளே அதை விட்டுவைக்கக் கூடாது.

தலைமையகம் கொழும்பில் இருக்கும் சங்கங்களின் கிளைகளுக்குச் சிங்களத்தில் சுற்றறிக்கை வரும். யாராவது மொழிபெயர்த்துச் சொல்லும் மட்டும் அது மேசையில் கிடக்கும். தமிழில் அனுப்பச் சொல்லிக் கிளைக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி எழுத்தில் கேளுங்கள். சந்தா கட்டுபவரின் உரிமை அது. தொழில் திணைக்களத்திலிருந்து வரும் கடிதத்துக்கும் அதே பேச்சுத்தான், தமிழ் 1987இலிருந்து இந்த நாட்டின் அரச கரும மொழி.

முறைப்பாடு செய்யப் பயப்படுகிறார்கள் என்பது உண்மை. சின்ன ஊர், முதலாளிக்கு எல்லோரையும் தெரியும். தொழில் பரிசோதனை பற்றிய 81ஆம் இலக்க சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1956இல் ஏற்றது. முறைப்பாட்டைத் தந்தவர் யார் என்பதைப் பரிசோதகர் இரகசியமாக வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதோடு, சங்கத்தின் பெயரில் கடிதம் போனால் தனி ஆளின் பெயர் முன்னுக்கு வராது. முறையற்ற தொழில் நடவடிக்கைக்கு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கும் அதிகாரம் திணைக்களத்திடம் மட்டுமே இருப்பது ஒரு பெரிய குறை. சங்கம் நேரடியாகப் போக முடியாது. ஆகவே திணைக்களத்துக்குக் கொடுக்கும் ஆவணம் திகதியோடும் சாட்சியோடும் இருக்க வேண்டும்.

வேலையால் நிறுத்தப்பட்டவருக்கு நேரம் மிக முக்கியம். நிறுத்திய நாளிலிருந்து 6 மாதத்துக்குள், வேலை நீக்கத்தை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கத்தவருக்காகச் சங்கமே விண்ணப்பிக்கலாம், சங்க அலுவலர் அவருக்காகத் தோன்றிப் பேசலாம். பணிக்கொடையில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். 35,000 வாங்கிய ஒருவருக்கு 6 வருடத்துக்கு 105,000 ரூபா. 15 பேருக்குக் குறைந்த கடையில் ஒன்றும் கிடையாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். அது சரியல்ல, அங்கே வேலை செய்தவர் பணிக்கொடை கேட்டுத் தொழில் நியாய சபைக்குப் போகலாம். சமாதானம் பேசிப் பார்ப்போம் என்று முதலாளி இழுத்தடிக்கும் மாதங்களும் அந்த 6 மாதத்துக்குள் தான் கழிகின்றன. ஆகவே பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும். நிறுத்தற் கடிதம், கடைசி மூன்று சம்பளச் சிட்டைகள், நியமனக் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை அந்தக் கிழமையே செயலாளரிடம் கொடுத்து, பதிவேட்டில் திகதி போட வையுங்கள்.