பட்டினிக்கு எந்தப் படிவம்?

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் கூட்டங்கூட்டமாக இறந்தபோது, திருகோணமலை மாவட்டத்தின் பட்டியொன்றில் இறந்த பசுவொன்றின் உடலை அறுத்துப் பரிசோதித்தேன். தொற்றுநோயின் தடயம் எதுவும் தென்படவில்லை. சிறுநீரகத்தைச் சுற்றி வெண்மையாகத் திரண்டிருக்க வேண்டிய கொழுப்பு மட்டும் கூழ்போலக் கரைந்திருந்தது. பக்கத்தில் நின்ற பட்டிக்காரர், "என்ன வருத்தம் டொக்டர், ஊசி போடாததால வந்ததோ?" என்று கேட்டார். பசியும் ஈரமும் குளிரும் சேர்ந்து கொன்றன என்று அவரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் அதை எந்தப் படிவத்தில் எழுதுவதென்று எனக்குத்தான் தெரியவில்லை.

தொற்றுநோயாக இருந்திருந்தால் வழி தெளிவானது. 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின்கீழ், குறித்த நோய்களை உரிமையாளர் அறிவிக்க வேண்டும். தேவைப்பட்டால் ஒரு பிரதேசத்தை நோய்ப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தி, மாடுகளை வெளியே கொண்டுசெல்வதைத் தடுக்கவும் முடியும். 2014இல் மாடுகளின் காலிலும் வாயிலும் புண் உண்டாக்கும் கால்-வாய் நோய் நாட்டின் பல பகுதிகளில் பரவியபோது இந்த ஏற்பாடுகளின் பயனை நேரில் கண்டோம். தடுப்பூசி, காதில் இலக்கத் தகடு, கருச்சிதைவை உண்டாக்கும் கன்று வீச்சு நோய்க்கெதிராகக் கிடாரிக் கன்றுகளுக்கு இளவயதிலேயே போடப்படும் ஊசி என்று, குறைகள் இருந்தாலும், நோய் தொடர்பான அரச கொள்கைக்கு ஓர் உருவம் உண்டு.

விலங்கு நலன் தொடர்பான சட்டமோ 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருக வதைத் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலேயே நிற்கிறது. அதில் விதிக்கப்பட்ட உச்சத் தண்டப்பணம் 100 ரூபா. இன்று திருகோணமலை பஸ் நிலையத்தில் ஒரு தேநீரும் வடையும் வாங்கவே அது போதாது. தொகையைவிட எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறொன்று. அடித்தலையும் வதைத்தலையும் குற்றமாக்கும் அந்தச் சட்டம், தீவனம், நீர், ஒதுங்கிடம் ஆகியவற்றை வழங்குவதை உரிமையாளரின் கடமையாக வகுக்கவில்லை. அக்கடமையை உள்ளடக்கி 2006இல் சட்ட ஆணைக்குழு தயாரித்த விலங்கு நலன் சட்டமூலம் ஆண்டுக்கணக்கில் கோப்புகளிலேயே கிடந்தது.

ஆயினும், கடமையை எழுதிவிட்டுப் பட்டிக்காரரை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமாகாது. பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் வயல்களிலிருந்து விரட்டப்படும் மாடுகள், மழையும் வாடைக்காற்றும் உச்சமாக இருக்கும் மாதங்களில்தான், பற்றைக்காட்டின் ஓரங்களிலும் வெள்ளம் நின்ற தரவைகளிலும் அடைபட்டுக் கிடக்கின்றன. மேய்ச்சல் தரையை ஒதுக்கும் அதிகாரம் கால்நடை வைத்தியருக்கு இல்லை. அது காணியையும் காட்டையும் நிர்வகிக்கும் அலுவலகங்களிடம் இருக்கிறது. நோய்ச் சட்டத்தின் அதிகாரம் பேராதனையிலுள்ள மத்திய திணைக்களத்திடமும், களப்பணி மாகாணத் திணைக்களத்திடமும் உள்ளன. இத்தனை கதவுகளுக்கும் நடுவில் மாடு மழையில் நிற்கிறது.

திருகோணமலை நகருக்குள் திரியும் புள்ளிமான்களின் நிலை இன்னும் விசித்திரமானது. கோணேசர் கோவிலுக்கு வருபவர்கள் அன்போடு நீட்டும் பழத்தோடு பொலித்தீனும் அவற்றின் வயிற்றுக்குள் போகிறது. வளர்ப்பு விலங்குகளையும் பிடித்து அடைக்கப்பட்ட விலங்குகளையுமே 1907ஆம் ஆண்டுச் சட்டம் கருதுவதால், சுதந்திரமாக உலவும் மான் அதற்குள் வராது. அது வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. பையை முடிச்சுப் போட்டு வீசாதிருப்பதற்கு எந்தத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.

சட்டம் மாறும்வரை பட்டிக்காரர்களிடம் நான் கேட்பவை சிலவே. அறுவடைக்குப் பின் வைக்கோலை எரிக்காமல், மழைக்கு எட்டாத மேட்டில் போராக அடுக்கி வையுங்கள். கன்றுகளும் சினைமாடுகளும் நிற்கும் இடத்திலாவது வாடைப் பக்கமாகக் கிடுகோ படங்கோ கட்டி மறையுங்கள். எல்லா மாடுகளுக்கும் கொட்டகை போட முடியாதென்பதை நான் அறிவேன். மெலிந்த மாடுகளைக் கார்த்திகைக்கு முன்பே பிரித்துத் தனியாகத் தீவனம் கொடுங்கள். தடுப்பூசிக்கு வரும் நாளில், ஊசி போட வேண்டியவற்றை மட்டுமல்லாமல் எழுந்து நிற்கத் தடுமாறும் மாட்டையும் எங்களுக்குக் காட்டுங்கள். மாடொன்று திடீரென இறந்தால், தோலை உரிக்காமலும் புதைத்துவிடாமலும் முதலில் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பட்டினியால் இறந்ததென்றாலும் அதை நாங்கள் எழுதிவைக்க வேண்டும். மேய்ச்சல் தரை கேட்டு அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது எங்கள் கையில் இருக்கப்போவது அந்தப் பதிவுதான்.