கருவின் கல்லீரலும் பிறந்த குழந்தையின் மஞ்சளும்

பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது, "குழந்தைக்குக் கல்லீரல் கெட்டிருக்கிறதா, டாக்டர்?" என்பதுதான். பிறந்த இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் கண்ணில் மஞ்சள் தெரியத் தொடங்கியதும் இந்த அச்சம் எழுகிறது. பெரும்பாலும் எந்தக் கெடுதலும் இருப்பதில்லை. பிறக்கும்வரை தாயின் உடல் பார்த்துக்கொண்ட ஒரு வேலை, திடீரென அக்கல்லீரலின் பொறுப்பாகியிருக்கிறது.

சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் மஞ்சள் நிறப் பொருளான பிலிருபினை, யுஜிடி1ஏ1 என்னும் நொதி நீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றுகிறது. மாற்றப்படாத பிலிருபின் நஞ்சுக்கொடியைக் கடந்து தாயின் இரத்தத்தில் சேர்ந்துவிடும். மாற்றப்பட்டதோ எளிதில் கடக்க முடியாமல் கருவிலேயே தங்கும். எனவே கருவில் அந்நொதி குறைந்திருப்பதே நன்மை. நிறைமாதத்திலும் அதன் செயல்திறன் வளர்ந்தவர்களுடையதில் ஏறத்தாழ 1 விழுக்காடுதான். பிறந்தபின் வேகமாக உயர்ந்து, சுமார் 14 வாரங்களில் முழு அளவை எட்டுகிறது.

இதை உணராமல் மருந்து கொடுத்ததன் விலையை மருத்துவம் 1950-களின் இறுதியில் கண்டது. குளோரம்பெனிகால் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைப் பெற்ற பச்சிளங்குழந்தைகள், அதைச் செயலிழக்கச் செய்யும் இதே வகை நொதிகள் போதாததால், உடல் சாம்பல் நிறமாகி இறந்தனர். குழந்தையைச் சிறிய மனிதராக எண்ணி எடைக்கேற்ப மருந்தைக் குறைத்தால் போதாது என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்றை நான் அறியேன்.

எல்லா நொதிகளும் குறைந்திருப்பதில்லை. கருவின் கல்லீரலில் சிஒய்பி3ஏ7 என்னும் நொதி மிகுந்திருக்கிறது. நஞ்சுக்கொடி எஸ்ட்ரியால் ஹார்மோனை உண்டாக்கத் தேவையான மூலப்பொருளை அது பதப்படுத்தித் தருகிறது. பிறந்தபின் வரும் மாதங்களில் அது படிப்படியாகத் தணிய, பல மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 என்னும் நொதி அதன் இடத்தைப் பிடிக்கிறது.

நஞ்சுக்கொடிக்கும் தனக்கெனக் காவல் நொதிகள் உண்டு. அவற்றுள் ஒன்று தாயின் உடலில் சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோனான கார்டிசோலில் பெரும்பகுதியைச் செயலற்றதாக்கிவிடுகிறது. ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோனும் அதனிடம் பெரும்பாலும் மடங்கிவிடும். அதே குடும்பத்து மருந்தான பீட்டாமெத்தசோன் அதிலிருந்து பெருமளவு தப்பிக் கருவை அடைவதால்தான், குறைமாதப் பிரசவம் நெருங்கும் தாய்க்கு அதைச் செலுத்திக் குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்ய முடிகிறது. லிக்கின்ஸும் ஹோவியும் 1972-இல் வெளியிட்ட ஆய்வே இச்சிகிச்சைக்கு அடித்தளம். ஒரே குடும்பத்து மருந்துகளிலும் எது கருவைச் சேரும் என்பது இவ்வாறு வேறுபடுவதால், கர்ப்பிணி தாமாக மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் தவறு.

கருவின் கடைசி வாரங்கள் வெறும் எடை கூடும் காலமென்று கருதி, மருத்துவக் காரணமின்றி 39 வாரங்களுக்கு முன் பிரசவத்தை முன்னெடுக்கக் கேட்போர் உண்டு. 37 வாரத்தில் பிறந்த குழந்தை பார்வைக்கு நிறைமாதக் குழந்தை போலவே இருக்கும்; ஆனால் மஞ்சளுக்காக மீண்டும் மருத்துவமனைக்கு வரும் வாய்ப்பு அதற்கு அதிகம். ஆகவே பிலிருபின் அளவைப் பார்க்கும்போதே, எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, பிறந்து எத்தனை மணி நேரம் ஆகிறது என்றும் கேட்கிறேன். முதல் 24 மணி நேரத்துக்குள் தோன்றும் மஞ்சளும், இரண்டு வாரங்களைக் கடந்தும் நீடிக்கும் மஞ்சளும், வெளிறிய மலமும், பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பதும் இயல்பான மாற்றத்தில் அடங்காதவை. இவற்றில் எதைக் கண்டாலும் அன்றே குழந்தையை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.