256 எண்களில் ஒரு கலவரம்

1993இல் வந்த ‘டூம்’ என்ற கணினித் துப்பாக்கிச் சண்டை விளையாட்டை இன்னமும் ஏன் ஆடுகிறார்கள், அதில் பூதங்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்வது நிரல் பிழையா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பிழையில்லை, விதி. ஒரு பூதம் வீசிய தீப்பந்து குறிதவறி வேறு வகைப் பூதத்தின் முதுகில் விழுந்தால், அடிபட்டது உங்களை மறந்துவிட்டு அடித்ததன்மேல் பாயும். நீங்கள் தூணுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கலாம்.

முப்பரிமாணம்போலத் தோன்றும் படத்தின் கணக்கைப் பலரும் எழுதிவிட்டார்கள்; அதை விடுவோம். என்னை மயக்குவது இந்தக் கலவரத்தின் அடியில் கிடக்கும் ஒரு சிறு பட்டியல்.

கணினிக்குப் பகடை உருட்டத் தெரியாது. அதனால் 256 எண்களை நிரலிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்: 0, 8, 109, 220, 222, 241 என்று போகும், என்றைக்கும் இதே வரிசையில். கைத்துப்பாக்கிக் குண்டின் சேதம் 5ஆ, 10ஆ, 15ஆ? அடுத்த எண்ணைப் பார். பூதம் எந்தப் பக்கம் திரும்பும்? அதற்கடுத்ததைப் பார். கடைசி எண் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. எல்லோருக்கும் ஒரே வரிசை என்பதுதான் வேடிக்கை. வெற்றுச் சுவரில் ஒரு குண்டு சுட்டாலும் சில எண்கள் செலவாகிவிடும். தொலைவில் நிற்கும் பூதத்துக்குப் போகவேண்டிய எண் மாறி, அதன் நடையும் மாறும். ராசியில்லாத நாள் என்று புலம்புபவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்கவேண்டும்.

திரைக்குக் கீழே இடமும் வலமும் பார்த்து விழிக்கும் வீரரின் முகமும் இதே பட்டியலைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் பட்டியலில் எந்த எண்வரை வந்தாயிற்று என்பதற்கு அதற்கு மட்டும் தனிக் கணக்கு! வெறும் அலங்காரம் போரின் வரிசையைக் கலைத்துவிடக் கூடாதே. இவ்வளவு கவனம் எதற்கு என்பது ஆட்டத்தின் பதிவுகளைப் பார்த்தால் புரியும்.

புதிய ஆட்டம் தொடங்கும்போது பட்டியல் தொடக்கத்துக்கே திரும்பிவிடும். ஆகவே ஆட்டத்தைப் பதிவுசெய்யப் படமே வேண்டாம். விளையாட்டின் கடிகாரம் நொடிக்கு 35 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் 4 பைட்: வீரரின் முன்பின் நடை, பக்கவாட்டு நடை, திரும்பல், பொத்தான்கள். நொடிக்கு 140 பைட். பூதங்களைப் பற்றி ஒரு சொல்கூட அதில் இல்லை. ஆனாலும் திருப்பி ஓட்டினால், கடைசித் தீப்பந்துவரை அதே போர் அப்படியே நடக்கிறது.

குறிப்பிட்ட மூலையில் குறிப்பிட்ட எதிரி எழுந்து நிற்கும்படி முன்கூட்டியே எழுதிவைத்த ஆட்டங்கள் இரண்டாம் முறை எனக்குச் சலித்துவிடுகின்றன. இங்கே விதிகள் கைவிரல்களில் அடங்கும். விளைவு மட்டும் அடங்காது. அரை நொடி தாமதித்தால் வேறொரு போர்.

பதிவில் ஒரு துடிப்பு தொலைந்துபோனால் என்ன ஆகும் தெரியுமா? வீரர் கதவைத் தவறவிட்டுச் சுவரில் முட்டிக்கொண்டே ஓடுவார், எதிரில் இல்லாத பூதங்களை மும்முரமாகச் சுட்டுக்கொண்டு.