வாலட்டைல்: இருந்த இடத்தில் தங்காத யூரியா

பங்குச் சந்தையை ‘வாலட்டைல்’ என்றால் ஏற்ற இறக்கம் அதிகம் என்று பொருள். ஆளைச் சொன்னால், நொடிக்கு நொடி குணம் மாறுபவர். வேதியியலில், எளிதில் ஆவியாவது. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: லத்தீனில் ‘வோலாரே’ என்றால் பறத்தல். இடைக்கால ஆங்கிலத்தில் பறவைகளையே இச்சொல்லால் குறித்தார்கள். ‘நிலையற்ற’ என்பதைவிட ‘இருந்த இடத்தில் தங்காத’ என்பதே இதற்கு நெருக்கமான தமிழ். காவிரிப் படுகையின் குறுவை வயலில் யூரியா வீசிய மறுநாள் நடப்பதும் அதுதான்.

யூரியா தானாகப் பறக்காது. 45 கிலோ மூட்டையில் இருக்கும் 20.7 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்) நனையாதவரை பத்திரம். வயலில் விழுந்ததும் யூரியேஸ் என்ற நொதி அதைச் சில நாளில் அம்மோனியம் கார்பனேட்டாக உடைத்துவிடும். அம்மோனியம் தண்ணீரில் தங்கும். அம்மோனியா வாயு, பறந்துவிடும். இரண்டில் எது எவ்வளவு என்பது தண்ணீரின் பிஎச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவைப் பொறுத்தது. 30 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் அம்மோனியா நூற்றில் ஒரு பங்குகூட இராது. 9 என்றால் பாதியை நெருங்கிவிடும்.

பிஎச்சை ஏற்றுவது பாசி. பயிர் இன்னும் மூடாத வயலில் வெயில் நேரே தண்ணீரில் விழ, பாசி அதில் கரைந்த கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும். மதியத்துக்குள் பிஎச் 9ஐத் தொடும், ராத்திரியில் இறங்கும். ஆடிக் காற்று வேறு, கிளம்பும் வாயுவை அள்ளிக்கொண்டே போகும்; போகப் போக மீதி அம்மோனியமும் வாயுவாக மாறும். முதல் வாரத்தில்தான் இழப்பு அதிகம். சம்பாவில் ஐப்பசி மேகமூட்டம் இதைக் குறைக்கும். அங்கே பயப்பட வேண்டியது வடிகாலோடு போகும் உரத்துக்கு.

வேப்பெண்ணெய் பூசிய யூரியா பறக்காது என்று பலர் நம்புகிறார்கள். தவறு. அம்மோனியம், நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துவதுதான் அந்தப் பூச்சின் வேலை. பறப்பதைக் குறைக்க ஜிப்சம் உதவும்: அதிலுள்ள கால்சியம், உரத்தின் கார்பனேட்டைப் பிடித்துக்கொள்ளும்; அம்மோனியம், ஜிப்சத்தின் சல்பேட்டோடு சேர்ந்து தங்கிவிடும். யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4, வேப்பம் புண்ணாக்கு 1 என்று கலந்து ஓர் இரவு வைத்திருந்து இடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்.

தேங்கிய தண்ணீரில் உரத்தை வீசவே கூடாது. வடித்து, சேறு தெரியும் அளவில் நிறுத்தி, வெயில் தாழ்ந்த பிறகு வீச வேண்டும். இலையில் ஈரம் இருந்தால் உரம் ஒட்டிக் கருகும். வரிசை நடவு என்றால் உடனே கோனோவீடர் என்ற களையெடுக்கும் உருளைக் கருவியை ஓட்டி உரத்தைச் சேற்றுக்குள் அமுக்கலாம். மறுநாள் தண்ணீர் கட்டினால் போதும்; வயல் வெடிப்பு விட அனுமதிக்கக் கூடாது.