ரெகோலித்: மண்ணா, புழுதியா, போர்வையா?

சந்திரயான் செய்தி வரும்போதெல்லாம் 'நிலவின் மண்' என்று படிக்கிறோம். ஆய்வாளர்கள் அதைச் சொல்வது 'ரெகோலித்' என்று. இரண்டும் ஒன்றல்ல. அப்படியானால் ரெகோலித்தைத் தமிழில் என்னவென்று சொல்வது?

சொல் பிறந்தது பூமிக்காகத்தான். அமெரிக்கப் புவியியலாளர் ஜார்ஜ் மெரில் 1897-ல் இதை உருவாக்கினார். கிரேக்கத்தில் 'ரேகோஸ்' என்றால் போர்வை, 'லித்தோஸ்' என்றால் கல். கெட்டிப்பாறையின் மேல் உதிரியாகக் கிடக்கும் மண், மணல், சரளை, ஆற்று வண்டல், உளுத்த பாறை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர். மண் அதில் மேலடுக்கு மட்டும். வீட்டில் போர்வெல் போட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: பாறை தட்டும்வரை கேசிங் குழாய் இறக்குகிறார்களே, அந்த ஆழம்தான் ஏறக்குறைய அந்த இடத்தின் ரெகோலித். அடிக்கணக்கில் காசும் கொடுத்திருப்பீர்கள்.

பூமியில் இதை உண்டாக்குபவை மழை, காற்று, வேர், கரியமில வாயு கரைந்த நீர். நிலவில் இவை எதுவும் இல்லை. அதைச் சூழ்ந்துள்ள வாயு முழுவதையும் திரட்டினாலும் சில பத்து டன்னுக்கு மேல் தேறாது. அணுக்கள் ஒன்றோடொன்று மோதுவதே அபூர்வம். தடுக்கக் காற்று இல்லாததால் மணல் அளவு விண்கல்கூட நேராகத் தரையில் வந்து இடிக்கிறது. இடியில் பாறை நொறுங்குகிறது, அந்தச் சூட்டில் பொடி உருகிக் கண்ணாடியாக ஒட்டிக்கொள்கிறது. இப்படிச் சேர்ந்தது கருநிறச் சமவெளிகளில் 4, 5 மீட்டர், மேட்டுநிலங்களில் 10 முதல் 15 மீட்டர்.

உருட்டி மழுக்க ஆறோ காற்றோ இல்லாததால் துகள்களின் முனைகள் கூராகவே இருக்கின்றன. 1972 டிசம்பரில் அப்போலோ 17-ல் நிலவுக்குப் போன புவியியலாளர் ஹாரிசன் ஷ்மிட், உடையில் ஒட்டிவந்த பொடியைக் கலத்துக்குள் சுவாசித்து மூக்கடைப்பில் அவதிப்பட்டார்.

நம் மொழியில் மண் என்றால் விதை முளைப்பது. நிலவில் கிடப்பதோ ஈரமும் மட்கிய இலைதழையும் கண்டறியாத கல்தூள். அப்படியானால் புழுதி? குறள் சொல்லும் 'தொடிப்புழுதி' உழுது காயவிட்ட நிலத்து மண்; இன்றைய பேச்சில் புழுதி காற்றில் கிளம்புவது. ஏரும் காற்றும் இல்லாத இடத்துக்கு இரண்டுமே பொருந்தவில்லை.

என் தேர்வு 'பாறைப்போர்வை'. மூலச்சொல்லின் இரண்டு பாதியும் இதில் இருக்கின்றன. புவிமேலோட்டுக்குக் கீழுள்ள அடுக்கைப் பாடநூல்கள் 'கவசம்' என்பதால் அதனோடும் குழம்பாது. எனக்குப் பிடித்த காரணம் வேறு. பாறையை மூடியிருக்கும் தோற்றத்தைப் பார்த்துத்தான் மெரில் போர்வை என்றார். நிலவில் அது உண்மையிலேயே போர்வை வேலை செய்கிறது. பூமிக்குக் காற்று போர்வை. அது இல்லாத நிலவில், வெற்றிடத்தில் தொட்டும் தொடாமலும் கிடக்கும் இந்தத் துகள்கள் வழியே சூடு எளிதில் இறங்குவதில்லை. 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 குத்திய வெப்பமானி மேற்பரப்பில் சுமார் 50 டிகிரி செல்சியஸ் காட்டியது. 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10. நான்கு விரல் ஆழத்துக்குள் 60 டிகிரி வித்தியாசம்! அப்போலோ 15, 17 பயணங்களில் ஒரு மீட்டருக்கும் கீழே வைத்த கருவிகளுக்குப் பகலும் இரவும் ஒன்றாகவே இருந்தன, ஏறக்குறைய மைனஸ் 20.

நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சந்திரயான்-2 சோதனைகளுக்காக இஸ்ரோ அதைப் பொடியாக்கிச் செயற்கை நிலவுத் தளம் அமைத்தது. அந்தப் பொடியையும் 'நிலவு மண்' என்றே எழுதினார்கள். 'மாதிரிப் பாறைப்போர்வை' என்றால் சரியாக இருக்கும். தலைப்புக்கு நீளம் என்றால் ரெகோலித் என்றே போடலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.