ஓர் ஓவியத்தைப் பார்க்கக் கண்ணுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் மக்கள் ஓர் ஓவியத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று ஜெஃப்ரி ஸ்மித், லிசா ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் அளந்து 2001இல் வெளியிட்டார்கள். சராசரி 27 வினாடி. அந்தச் சராசரியையே நீண்ட நேரம் நின்ற சிலர்தான் உயர்த்தியிருந்தார்கள். பாதிப் பார்வைகள் 17 வினாடிக்குள் முடிந்துவிட்டன. பார்க்கப்பட்டவை எல்லாமே புகழ்பெற்ற ஓவியங்கள்.

இதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. கண்முன் இருப்பது என்ன காட்சி என்று மூளை புரிந்துகொள்ள ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் போதும். கடல், கப்பல், புயல் என்று தெரிந்துவிடுகிறது. தெரிந்ததும் வேலை முடிந்துவிட்டது என்ற திருப்தி வந்துவிடுகிறது, கால்கள் அடுத்த ஓவியத்துக்கு நகர்கின்றன. ஆனால் கண் அப்போதுதான் தன் வேலையைத் தொடங்கியிருக்கிறது.

கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். அந்த விரலின் அகலம், கண்ணுக்கு ஏறக்குறைய 2 டிகிரி கோணம். ஒரு சமயத்தில் நமக்கு மிகக் கூர்மையாகத் தெரிவது அவ்வளவுதான். விழித்திரையின் நடுவில் உள்ள மையக்குழியில் மட்டும்தான் ஒளியை உணரும் கூம்பு செல்கள் அத்தனை நெருக்கமாக இருக்கின்றன. அதை விட்டு விலக விலகப் பார்வை மங்கிக்கொண்டே போகும். அதனால் கண் வினாடிக்கு மூன்று நான்கு முறை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுகிறது. அந்தத் தாவல்களுக்கு நடுவே கண் நிற்கும் கணங்களில்தான் நுணுக்கமான விவரம் உள்ளே வருகிறது.

இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 2 மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் உயரமும் உள்ள ஓவியம். ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கிறோம். அந்தத் தூரத்தில் கூர்மையான பார்வைக்குள் அடங்குவது சுமார் 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம். வினாடிக்கு மூன்று இடம் என்றால் 17 வினாடியில் ஐம்பது வட்டம் தேறும். பார்த்த இடத்தையே மறுபடி பார்க்காமல் இருந்தாலும், ஓவியத்தின் பரப்பில் முப்பதில் ஒரு பங்கைத்தான் கூர்மையாகப் பார்த்திருப்போம். மிச்சத்தை மங்கலான ஓரப்பார்வையும் மூளையின் ஊகமும் சேர்ந்து நிரப்பிவிடுகின்றன. அப்படி நிரப்புவது நமக்குத் தெரிவதும் இல்லை. முழுசாகப் பார்த்துவிட்டோம் என்றே நம்புகிறோம்.

ஓரப்பார்வைக்கும் அதற்கே உரிய திறமை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். மோனாலிசாவின் சிரிப்பு வருவதும் மறைவதுமாக இருப்பது ஏன் என்று நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் 2000இல் ஒரு விளக்கம் தந்தார். அந்தச் சிரிப்பு பெரும்பாலும் கன்னத்தின் மென்மையான நிழல்களில் இருக்கிறது. அத்தகைய மங்கலான நிழல்களை ஓரப்பார்வை நன்றாகப் பிடிக்கும். அதனால் அவள் கண்களைப் பார்க்கும்போது சிரிக்கிறாள், உதட்டை நேராகப் பார்த்தால் சிரிப்பு குறைகிறது. பார்வை இங்கும் அங்கும் போய்வர நேரம் கொடுத்தால்தான் இந்த மாற்றமே தெரியும்.

சரி, அப்படியானால் நேரம் கொடுத்தால் போதுமா? போதாது. இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ரஷ்ய விஞ்ஞானி ஆல்ஃபிரட் யார்பஸ் செய்தது. கண்ணின் மேலேயே ஒரு சிறு கருவியைப் பொருத்தி, பார்வை போகும் தடத்தை அவர் பதிவுசெய்தார். காட்டிய ஓவியம் இலியா ரெபின் வரைந்தது: நெடுநாள் கழித்து ஒருவர் எதிர்பாராமல் வீட்டுக்குள் நுழைகிறார், குடும்பமே திகைத்துப் பார்க்கிறது. யார்பஸ் ஒரே மனிதரிடம் ஒவ்வொரு முறையும் வேறு கேள்வி கேட்டார். இவர்களின் வயது என்ன என்று கேட்டபோது கண் முகங்களிலேயே சுற்றியது. வசதியான குடும்பமா என்றபோது உடைக்கும் மேசை நாற்காலிக்கும் போனது. வந்தவர் எத்தனை காலம் பிரிந்திருந்தார் என்றபோது முகத்துக்கு முகம் ஓடியது. கேள்வி மாறினால் கண் போகும் பாதையே மாறிவிடுகிறது.

அவர் கண்ட இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். நேரத்தைக் கூட்டிக் கொடுத்தால் கண் புதிய மூலைகளுக்குப் போவதில்லை, ஏற்கெனவே முக்கியமாகப் பட்ட இடங்களுக்கே திரும்பத் திரும்பப் போகிறது. ஆகவே சும்மா நிற்பது மட்டும் உதவாது. நின்றபடியே கேள்வியை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? யார் யாரைப் பார்க்கவில்லை? ஒரே நிறம் வேறு எங்கெல்லாம் வந்திருக்கிறது? பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பை முதலில் படிக்காமல் இருப்பது நல்லது என்று நான் நினைப்பதும் இதனால்தான். படித்த உடனே அது சொன்னதைத் தேடித்தான் கண் போகும்.

ஹார்வர்டில் கலை வரலாறு கற்பிக்கும் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் தன் மாணவர்களை ஒரே ஓவியத்தின் முன் மூன்று மணி நேரம் உட்காரச் சொல்கிறார். ஜான் சிங்கிள்டன் கோப்லி 1765இல் வரைந்த, பறக்கும் அணிலோடு இருக்கும் சிறுவனின் ஓவியத்தை அவரே அப்படிப் பார்த்தார். சிறுவனின் காது மடலும் அணிலின் வயிற்றோர முடியும் ஒரே வடிவம் என்பது ஒன்பதாவது நிமிடத்தில்தான் தெரிந்தது. சங்கிலியைப் பிடித்திருக்கும் விரல்களின் இடைவெளியும் கீழே உள்ள தண்ணீர்க் குவளையின் விட்டமும் ஒரே அளவு என்று தெரிய 21 நிமிடம் ஆனது. திரைச்சீலையின் மடிப்புகளில் காதும் கண்ணும் மறுபடி வருவதைக் காண முக்கால் மணி நேரம். கலையையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு இவ்வளவு நேரம் ஆகிறது!

காகிதத்தில் வரைந்தவற்றை நேரம் எடுத்துப் பார்க்க இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. ஒளி பட்டால் நிறம் வெளுக்கும் என்பதால் நீர்வண்ண ஓவியங்கள் இருக்கும் அறைகளில் வெளிச்சத்தைப் பொதுவாக 50 லக்ஸ் அளவில் வைப்பார்கள். வெளியே வெயிலில் அது பல்லாயிரம் லக்ஸ். வெயிலிலிருந்து நேரே உள்ளே வந்தவரின் கண் அந்த மங்கலுக்குப் பழகச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் கிளம்பிவிட்டால் மெல்லிய நிறபேதங்கள் பல கண்ணில் படவே படாது.

அப்புறம், கைப்பேசி. உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருட்களைப் படம் எடுத்தவர்கள், வெறுமனே பார்த்த பொருட்களைவிடப் படம் எடுத்தவற்றைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கி எடுத்தபோது அந்த இழப்பு இல்லை. படத்துக்குள் வராத பகுதிகள்கூட அவர்களுக்கு நினைவிருந்தன. எனவே எடுத்தே ஆக வேண்டும் என்றால், பத்து நிமிடம் பார்த்து முடித்த பிறகு, உங்களை மிகவும் பிடித்து நிறுத்திய ஒரே ஒரு இடத்தை மட்டும் நெருக்கமாக எடுங்கள்.